பாட்டு நிற்கிறதா, தேடினால் கிடைக்கவில்லையா: இலவச இசைச் செயலிகளுக்குக் கைவைத்தியம்

எங்கள் தெருவில் யாருடைய போனில் பாட்டு வராவிட்டாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். "தம்பி, போன் கெட்டுப்போச்சு போல, பாட்டு பாதியில நின்னுடுது" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் பல சமயம் போனில் ஒரு குறையும் இருக்காது. காசு கொடுக்காமல் கேட்பவர்களுக்கு அந்தச் சேவை போட்டுவைத்த கட்டுப்பாடாக இருக்கும். மிச்சம்தான் நிஜமான பழுது. அதில் பெரும்பாலானவை ஐந்து நிமிஷ வேலை.

அதனால் எந்தத் தொல்லை வந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது பழுதா, கட்டுப்பாடா? பழுது என்றால் செட்டிங்ஸைத் திறக்கலாம். கட்டுப்பாடு என்றால் விடிய விடிய நோண்டினாலும் போகாது, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். நல்ல வேளையாக அப்படி வேறு இடங்கள் நிறைய உண்டு. அவற்றையும் அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

திரை அணைந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது

எந்தச் செயலி என்று பாருங்கள். யூடியூப் அல்லது யூடியூப் மியூசிக் என்றால் அது கட்டுப்பாடு. போனில் இலவசமாகக் கேட்பவர்கள் திரையை எரியவிட்டபடிதான் கேட்க வேண்டும். வாட்ஸப் பக்கம் போய்வந்தாலும் பாட்டு நிற்கும். திரை எரிய எரிய போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலை நடைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பை உரசி ஏதோ அழுந்தி, தூங்கிக்கொண்டிருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போன் போய்விடும். லாப்டாப்பில் பிரவுசரில் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த டேபை ஒதுக்கிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், வானொலிச் செயலிகள் எல்லாம் இலவசக் கணக்கிலும் திரை அணைந்தபின் பாடக்கூடியவை. அவை நின்றால் பழுதுதான். காரணம் பெரும்பாலும் போனின் பேட்டரி சிக்கனம். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்ற போன்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறார். பின்னால் ஓடும் செயலியைக் கேட்காமல் மூடிவிடும்.

1. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி என்பதைத் தொடுங்கள். 'ஆப்டிமைஸ்டு' அல்லது 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருந்தால் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். சில போன்களில் இதையே 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று போட்டிருப்பார்கள்.
2. 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள்.
3. மேலிருந்து இழுக்கும் பட்டையில் பேட்டரி சேவர் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் முதல் இரண்டும் செய்தும் பலனில்லாமல் போகலாம்.

ஒரு துப்பு: கண்ட நேரத்தில் நிற்காமல், போட்டதிலிருந்து சரியாக அரை மணியிலோ ஒரு மணியிலோ நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். யாரோ ஸ்லீப் டைமர் வைத்திருக்கிறார்கள்.

விட்டு விட்டுப் பாடுகிறது, வட்டம் சுற்றுகிறது

காலையில் நன்றாகப் பாடுகிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திக்குகிறது என்றால் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். நம் ஊர் பிரீபெய்டு திட்டங்கள் பலவற்றில் தினசரி அளவு முடிந்ததும் இணைப்பு அறுந்துபோகாது; வேகம் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். வீடியோவுக்கு அது எந்த மூலைக்கும் காணாது. பாட்டுக்குப் போதும், தரத்தைக் குறைத்துக்கொண்டால்.

கணக்கு இதுதான். ஸ்பாட்டிஃபையில் 'லோ' தரம் 24 கிலோபிட், 'நார்மல்' 96, 'ஹை' 160. 64 வருகிற குழாயில் 96-ஐ ஊற்றினால் வட்டம் சுற்றத்தான் செய்யும். 24-க்கு மாற்றிவிட்டால் பழைய டிரான்சிஸ்டரில் கேட்கிற மாதிரி இருக்கும், ஆனால் அறுபடாது. டேட்டாவிலும் பெரிய மிச்சம்: ஒரு மணி நேரத்துக்கு 24-ல் ஏறக்குறைய 11 எம்பி, 96-ல் 43 எம்பி, 160-ல் 72 எம்பி. அதே பாட்டை யூடியூபில் வீடியோவாக ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு போகும். அங்கே தரத்தை 144-க்கு இறக்கி வையுங்கள்.

செயலியில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும் தரத்தை நான் நம்புவதில்லை. பஸ்ஸில் போகும்போது அது மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக நம்மைப் படுத்தும். கையால் ஒன்றைக் குறித்துவிடுவதே நிம்மதி.

டேட்டா மிச்சம் இருந்தும், வீட்டு வைஃபையிலேயே திக்கினால், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போட்டுப் பாருங்கள். அதில் பாடினால் ரவுட்டர் பக்கம் தொல்லை. இரண்டிலும் திக்கினால் செயலியின் கேஷை, அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்துவைத்த கோப்புகளை, அழித்துவிட்டுத் திரும்பத் திறங்கள். 'க்ளியர் கேஷ்' மட்டும். பக்கத்திலேயே இருக்கும் 'க்ளியர் டேட்டா'வை அமுக்கினால் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

வாத்தியம் கேட்கிறது, குரலைக் காணோம்

இது வந்தால் எல்லோரும் செயலியைத்தான் திட்டுவார்கள். என் பெரியப்பா ஒருநாள் இயர்போனைக் காதில் மாட்டியபடியே வந்து, "இலவசமா கேக்கறவங்களுக்குப் பாடகர் குரலை எடுத்துட்டான்டா" என்றார். சேவைக்காரர்கள் காசு கேட்க இப்படியும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை.

வாங்கிக் காதில் வைத்தேன். வயலின்கள் இரு பக்கமும் நன்றாகக் கேட்டன. குரல் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வருகிற மாதிரி ஒரு நிழல். "அறுபதுகளில் வந்த பாட்டு ஒன்று போடுங்கள்" என்றேன். போட்டார். கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை. அதோடு விஷயம் தெரிந்துவிட்டது.

இயர்போன் பின்னில் வளையம் வளையமாக உலோகம் இருக்கிறதே, அதில் ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு, ஒன்று மைக்குக்கு, இன்னொன்று இரண்டு காதுக்கும் பொதுவான திரும்பு வழி. அந்தப் பொது வளையம் மட்டும் சரியாகத் தொடாவிட்டால், இடதும் வலதும் ஒன்றோடொன்று மோதிக் கழிந்துபோகும். இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் இருப்பது அழியும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஸ்டீரியோப் பதிவில் பாடகர் குரலை நட்ட நடுவில், அதாவது இரண்டு பக்கத்திலும் சமமாக வைப்பதே வழக்கம். அதனால் குரல் போய்விடும், ஓரங்களில் வைத்த வாத்தியம் மிஞ்சும். மோனோவில் பதிவான பழைய பாட்டில் இரண்டு பக்கமும் ஒன்றேதான். முழுப் பாட்டுமே போய்விடும். பழைய பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது இதற்கு நல்ல சோதனை.

செய்ய வேண்டியது: போனின் உறையைக் கழற்றிவிட்டுப் பின்னை அழுத்திச் செருகுங்கள். பெரியப்பாவுக்கு இதிலேயே சரியாகிவிட்டது. பேரன் வாங்கிக்கொடுத்த தடித்த ரப்பர் உறை பின்னை முழுதாக இறங்கவிடவில்லை. அப்படியும் குரல் வராவிட்டால் துளைக்குள் பஞ்சுத்தூசி அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊக்கு, குண்டூசி வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் வேறு இயர்போனை மாட்டிப் பாருங்கள்; அதில் பாடினால் பழையதில் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது.

ஒரு காதில் மட்டும் கேட்கும் இயர்போனைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள், அல்லது ஒரு காது மந்தமானவர்கள், செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கத்து ஓசையும் ஒரே காதுக்கு வந்துவிடும்.

ப்ளூடூத்தில் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது

ப்ளூடூத் ஹெட்போன் இரண்டு விதமாக இணையும்: பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் பேச்சு வழிக்கு மாறும், ஓசை சப்பையாகும். லாப்டாப்பில் மீட்டிங் ஒன்று பின்னால் திறந்திருந்தால் இப்படித்தான் ஆகும். அதை மூடுங்கள், இல்லாவிட்டால் சவுண்டு செட்டிங்ஸில் மைக்காக லாப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

பாட்டு இருக்கிறது என்று தெரியும், தேடினால் வருவதில்லை

தமிழ் எழுத்தில் தேடினால் யூடியூபில் நிறைய விழும். மற்ற செயலிகளில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருக்கின்றன. அதை ஏற்றியவர் எப்படி எழுத்துக்கூட்டினாரோ அப்படி எழுதினால்தான் பிடிபடும். இளையராஜா பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 'ழ'வுக்கு ஒருவர் இசட், ஹெச் போடுவார், இன்னொருவர் வெறும் எல். நெடிலுக்கு ஒருவர் இரண்டு ஏ, இன்னொருவர் ஒன்று. சினிமாப் பாட்டு என்றால் பல்லவியை விட்டுவிட்டுப் படத்தின் பெயரால் தேடுங்கள், ஆல்பம் முழுதாக வந்து நிற்கும். பழைய பாட்டு ஒன்றே நாலைந்து தொகுப்புகளில் இருக்கும் என்பதால், ஒன்று பாடாவிட்டாலும் மற்றொன்று பாடும்.

கர்நாடக இசையில் இந்தச் சிக்கல் இன்னும் சுவாரஸ்யம். தியாகராஜரைச் சிலர் டி, ஒய் என்று தொடங்குவார்கள், நம் பக்கத்தில் டி, ஹெச், ஒய். இரண்டையும் தேடிப் பார்க்காமல் 'இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள். ராகத்தின் பெயரில் வேறு விதமான பொறி இருக்கிறது. தோடியை ஹெச் இல்லாமல் எழுதித் தேடினால் இந்துஸ்தானித் தோடிகள் வரிசை கட்டி வரும். அது நம் தோடி இல்லை. அதன் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளிக்கு உரியவை. நம் தோடியின் ஸ்வரங்களை அங்கே பைரவி என்கிறார்கள். நம் பைரவியோ முற்றிலும் வேறு. இந்தோளமும் அப்படித்தான்: அதற்கு வடக்கே மால்கௌன்ஸ் என்று பேர், அங்கே 'ஹிந்தோல்' என்பது வேறொரு ராகம். ராகத்தோடு 'கர்நாடிக்' என்றோ, பாடகர் பெயரையோ சேர்த்துத் தேடினால் இந்தக் குழப்பம் வராது. தவறாகத் தேடப்போய் மால்கௌன்ஸில் ஒரு முழு ராத்திரியைக் கழித்தவன் என்ற முறையில், தவறாகவும் சில நாள் தேடலாம் என்பேன்.

எந்தச் செயலியிலும் இல்லாத கச்சேரி என்றால், அது வணிக ரீதியில் வெளியாகாததாக இருக்கலாம். அப்படிப்பட்ட பதிவுகளுக்கு சங்கீதப்ரியா என்ற தளம் இருக்கிறது. ரசிகர்கள் காசு வாங்காமல் பகிர்ந்து வைத்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒரு தடவை தேடுங்கள்.

ஒரே இசைத்தட்டு நான்கைந்து தரம் வருகிறது, எதைக் கேட்பது?

இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போனவர்களுக்கு வரும் சந்தேகம் இது. அங்கே நிமிஷத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டுகளை எண்மமாக்கும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. தட்டுகளின் வரிக்குழிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அகலம் என்பதால், ஒரே தட்டை வெவ்வேறு பருமனுள்ள நான்கு ஊசிகளால் ஓட்டிப் பதிவு செய்தார்கள். ஆகவே அவை திரும்பத் திரும்ப ஏறியவை அல்ல. ஒவ்வொன்றிலும் அரை நிமிஷம் கேளுங்கள். இரைச்சல் குறைந்து குரல் தெளிவாக வருவது உங்களுக்குரியது.

குரல் கீச்சென்று இருக்கிறது, பாட்டு வேகமாக ஓடுகிறது

சுருதி மாறாமல் வேகம் மட்டும் கூடியிருந்தால் உங்கள் செயலியில் வேகம் 1.25 என்று மாறியிருக்கலாம்; அது ஒரு நொடி வேலை. இல்லையென்றால், பதிவேற்றியவர் செய்த காரியம். உரிமைதாரரின் தானியங்கிச் சோதனையில் சிக்காமலிருக்க, பாட்டின் சுருதியையோ வேகத்தையோ சற்றே உயர்த்தி ஏற்றுவார்கள். அதை நம் பக்கம் சரிசெய்ய முடியாது. இசைக் கம்பெனியின் சொந்தச் சேனலில் உள்ளதைத் தேடிக் கேளுங்கள். பாட்டுக் கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்குப் போட்டுக்காட்டும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள். தவறான சுருதி காதில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம்.

போன வாரம் பாடியது, இன்று எழுத்து மங்கிக் கிடக்கிறது

உரிமம் முடிந்திருக்கும், அல்லது இசைக் கம்பெனிக்கும் சேவைக்கும் பேரம் படியவில்லை. அதே பாட்டு வேறு தொகுப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள், பல நேரம் இருக்கும்.

வெளிநாடு போனபிறகு இப்படி ஆனால் கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்கை வேறு நாட்டில் 14 நாள்தான் பயன்படுத்தலாம். மகனைப் பார்க்க மூன்று மாதம் துபாய் போகிறவர்கள் அங்கே இறங்கியதும் கணக்கில் நாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சேவையே காணாமல் போவதும் உண்டு. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. அதே வருஷம் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. வருஷக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட் அப்படி ஒரு நாளில் போய்விடும். ஆகவே என் பிடித்த பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பேனாவால். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இணைய வானொலி மௌனமாக இருக்கிறது

விளம்பரமும் லாகினும் வேண்டாம் என்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இணைய வானொலியைத்தான். ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் நாடு முழுவதுமுள்ள நிலையங்கள் கிடைக்கின்றன. 2016 ஜனவரி 26-ல் பெங்களூரிலிருந்து தொடங்கிய ராகம் என்ற அலைவரிசை நாள் முழுக்கச் சாஸ்திரிய சங்கீதம் மட்டும் தருகிறது. அதே 2016-ல் நெதர்லாந்தில் உருவான ரேடியோ கார்டனில் பூமி உருண்டையைச் சுழற்றி, பச்சைப் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே நிறுத்தினால் அந்த ஊர் வானொலி பாடும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வரும் சோமா எஃப்எம், கலிஃபோர்னியாவின் ரேடியோ பாரடைஸ் இரண்டும் 2000-ல் தொடங்கியவை. கேட்பவர்கள் கொடுக்கும் நன்கொடையில் விளம்பரமே இல்லாமல் ஓடுகின்றன.

நிலையம் ஒன்று பாடவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் வேறு நிலையத்தைப் போடுங்கள். அது பாடினால் குறை அந்த நிலையத்துடையது. சின்ன நிலையங்களின் முகவரி அடிக்கடி மாறும். எதுவுமே பாடவில்லை, அதுவும் ஆபீஸ் நெட்டில் மட்டும் என்றால், வானொலிகள் பல 8000 போன்ற எண்ணுள்ள போர்ட்டில், அதாவது இணையத்தின் தனி வாசலில், வருவதை அங்கே அடைத்திருப்பார்கள். மொபைல் டேட்டாவில் கேளுங்கள். பிரவுசரில் மட்டும் மௌனம் என்றால், நிலையம் பழைய ஹெச்டிடிபி முகவரியில் ஒலிபரப்புகிறது, பாதுகாப்பான பக்கத்துக்குள் அதை பிரவுசர் அனுமதிக்கவில்லை. அந்த முகவரியை அப்படியே விஎல்சி பிளேயரில் 'நியூ ஸ்ட்ரீம்' என்ற இடத்தில் ஒட்டினால் பாடிவிடும்.

பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்தபிறகுதான் உங்கள் போனில் முடிகிறதா? அது பழுதில்லை. இணையத்தில் கொஞ்சம் சேமித்துவைத்துத்தான் ஒலிக்கும்.

விளம்பரம் தாங்கவில்லை, நினைத்த பாட்டைப் போட விடுவதில்லை

கட்டுப்பாடு. இலவசம் என்பதன் விலையே அதுதான். இதற்கு மருந்து என்று 'மோட்' செய்த ஏபிகே ஒன்றை, அதாவது யாரோ மாற்றியமைத்த செயலிக் கோப்பை, வாட்ஸப்பில் அனுப்புவார்கள். போடாதீர்கள். அதே போனில்தான் உங்கள் ஜிபேயும் வங்கிச் செயலியும் இருக்கின்றன. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அனுப்பியவருக்கே தெரியாது. விளம்பரம் பொறுக்காதபோது நான் வானொலிக்கு மாறிவிடுவேன்.

எனக்கு ஏன் குழந்தைப் பாட்டாகவே வருகிறது?

பேத்தி உங்கள் போனில் கேட்டாள் அல்லவா, அதனால். யூடியூபில் வரலாற்றுக்குப் போய் அவற்றை நீக்குங்கள். ஸ்பாட்டிஃபையில் அந்தப் பிளேலிஸ்ட்டின் மூன்று புள்ளியைத் தொட்டு 'எக்ஸ்க்ளூட் ஃப்ரம் டேஸ்ட் ப்ரொஃபைல்' கொடுங்கள். அடுத்த தடவை அவள் கேட்பதற்கு முன் 'பிரைவேட் செஷன்' போட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை.

பாட்டு ஓடுகிறது, கோடு நகர்கிறது, சத்தம் மட்டும் இல்லை

ரிங் ஒலியும் பாட்டின் ஒலியும் போனில் தனித்தனி. பாட்டை ஓடவிட்டபடியே பக்கவாட்டில் ஒலி ஏற்றும் பொத்தானை அமுக்கினால் பாட்டின் ஒலி ஏறும். அதுவும் முழுதாக இருந்தால் ப்ளூடூத்தை அணையுங்கள். எதிர் வீட்டு அத்தை ஒருநாள் விடிகாலையில் இந்தக் குறையோடு வந்தார். நான் ஒலியை முழுசாக ஏற்றி, செயலியை மூடித் திறந்து, போனை அணைத்துப் போட்டு என்று பத்து நிமிஷம் போராடினேன். அப்போது அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பேரனின் கத்தல் கேட்டது. அவன் தலைமாட்டில் இருந்த ஸ்பீக்கரில் சுப்ரபாதம் முழு ஒலியில் போய்க்கொண்டிருந்தது.